சாப்ட்வேர் தளம்: சாவி யார் கையில்?

குஜராத் கடற்கரையிலே வாடினார் என்றோர் இடம். நயாரா எனர்ஜி என்ற கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் இருக்கிறது. ஆண்டொன்றுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் சக்தி படைத்த ராட்சத ஆலை. அதன் பெயரைத் தாங்கிய பெட்ரோல் பங்குகள் நாடெங்கும் 6,000க்கு மேல் இருக்கின்றன. இப்பேர்ப்பட்ட ஸ்தாபனத்தின் ஊழியர்களுக்கு 2025 ஜூலை 22ந் தேதி முதல் கடிதம் வரவில்லை. அவர்கள் அனுப்பியதும் போகவில்லை. சகாக்களுடன் பேசும் டீம்ஸ் வேலை செய்யவில்லை. கம்பெனிக்குச் சொந்தமான தஸ்தாவேஜுகளையே கம்பெனியால் எட்ட முடியவில்லை. ஆலையிலே தீ விபத்தா? வேலைநிறுத்தமா? ஒன்றுமில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனி சாவியைத் திருப்பிவிட்டது. அவ்வளவுதான்.

காரணம் என்ன? நான்கு நாட்களுக்கு முன், ஜூலை 18ந் தேதி, ஐரோப்பிய யூனியன் ரஷ்யாவுக்கு எதிராகத் தனது 18வது தடைப் பட்டியலை வெளியிட்டிருந்தது. நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் கம்பெனிக்கு 49.13 சதவிகிதப் பங்கு உண்டு. ஆகவே பட்டியலில் நயாராவும் இடம் பெற்றது. ஆலை இருப்பது இந்தியாவிலே. சாப்ட்வேர் கம்பெனி இருப்பது அமெரிக்காவிலே. தடை போட்டதோ ஐரோப்பா. இந்தியச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை, முழுப் பணமும் கட்டி வாங்கிய லைசென்ஸ் இது என்று வாதாடிக் கொண்டு நயாரா டில்லி ஹைகோர்ட்டின் வாசலில் போய் நின்றது. ஜூலை மாதம் முடிவதற்குள் சேவை திரும்ப வந்தது. பரபரப்பும் அடங்கிற்று.

எண்ணெய் முதலாளிகளுக்காகக் கண்ணீர் வடிப்பது நம் வேலையல்ல. அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனால், நாட்டின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், கோயம்புத்தூரிலே இருபது பேரை வைத்துக்கொண்டு சாப்ட்வேர் செய்கிற கம்பெனியின் கதி என்ன? பெருங்குடியிலே வாடகைக் கட்டடத்தில் உட்கார்ந்து புதிதாகத் தொழில் தொடங்குகிற நான்கு இளைஞர்களின் கதி என்ன? கதவு சாத்தப்பட்டால் ஒரு வாரத்துக்குள் ஹைகோர்ட்டுக்குப் போக அவர்களால் ஆகுமா? அதனால்தான், தொழில் ஸ்தாபனங்கள் சாப்ட்வேர் உருவாக்கும் தளங்களை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்ற, பார்வைக்கு மிகவும் உலர்ந்த விஷயத்தை இந்த வாரம் எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்திலே இதற்குப் "பிளாட்பாரம்" என்றுதான் பெயர். நம் ஊரில் பிளாட்பாரம் என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று ரயில் நிற்கிற இடம். மற்றொன்று வீடில்லாதவன் படுக்கிற இடம். சாப்ட்வேர் பிளாட்பாரத்துக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும் என்பதைப் போகப் போகக் காணலாம்.

சாப்ட்வேர் எழுதுகிற தொழிலாளிக்கு மூளையும் கம்ப்யூட்டரும் மட்டும் போதாது. எழுதியதைச் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும். ஓட வைக்க சர்வர் வேண்டும். தரவைப் போட்டு வைக்க டேட்டாபேஸ் வேண்டும். வாடிக்கையாளரின் போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கடை வேண்டும். இவை அனைத்தையும் சேர்த்துத்தான் தளம் என்கிறோம். ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் கம்பெனியே விலைக்கு வாங்கி மூலையில் ஓர் அறையில் வைத்துக் கொண்டது. 2006ஆம் ஆண்டு அமேசான் கம்பெனி தன் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. மைக்ரோசாப்டும் கூகிளும் பின்தொடர்ந்தன. இன்று உலகத்தின் ஏராளமான சாப்ட்வேர் இந்த மூன்று வீட்டுக்காரர்களின் வீடுகளிலே குடியிருக்கிறது.

இலவசம் என்னும் தூண்டில்

ஸ்டார்ட்அப் என்று சொல்லப்படுகிற புதுக் கம்பெனி தளத்தைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்வதே தவறு. தளம்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

அமேசான் தன் ஆக்டிவேட் திட்டத்தின் கீழ்ப் புதுக் கம்பெனிக்கு 1 லட்சம் டாலர் வரை வாடகைச் சலுகை தருகிறது. நம் பணத்தில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல். கூகிள் 2 லட்சம் டாலர் வரை தருகிறது. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனி என்றால் இன்னும் அதிகம். மைக்ரோசாப்டுக்கும் இப்படி ஒரு திட்டம் உண்டு. கையிலே காசில்லாத இளைஞன் வேறு என்ன செய்வான்? கும்பிட்டு வாங்கிக் கொள்கிறான். நாமாக இருந்தாலும் வாங்கிக் கொள்ளத்தான் செய்வோம். ஆனால் இது ரொக்கமல்ல. அந்தக் கடையிலே மட்டும் செல்லுபடியாகிற சீட்டு. அதற்கும் காலக்கெடு உண்டு. இரண்டு வருஷத்தில் சீட்டு தீர்ந்துவிடும். அதற்குள் அந்தக் கம்பெனியின் டேட்டாபேஸ், வரிசை, காவல், கணக்கு எல்லாமே அந்த வீட்டுக்காரனின் தனித்த கருவிகளிலே பின்னிப் பிணைந்துவிடும். அப்போதுதான் முதல் பில் வருகிறது.

சரி, வெளியேறி விடுவோம் என்று நினைத்தால்? உள்ளே சாமான் கொண்டுவரக் காசு கிடையாது. வெளியே கொண்டுபோகக் காசு உண்டு. அமேசானின் அமெரிக்க மையங்களில், வெளியே போகிற தரவுக்கு முதல் 10 டெராபைட் வரை ஒரு ஜிகாபைட்டுக்கு 9 சென்ட். மேலே போகப் போகச் சற்றுக் குறையும். 100 டெராபைட்டைத் தூக்கிக் கொண்டு கிளம்ப ஏறக்குறைய 8,000 டாலர். வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் தன் கட்டிலையும் பாத்திரத்தையும் எடுத்துப்போக வீட்டுக்காரனுக்கு வரி கட்டுவதை நம் ஊரிலே யாராவது கேட்டதுண்டா? கந்துவட்டிக்காரன்கூட இப்படி ஒரு கட்டணத்தை யோசித்ததாகத் தெரியவில்லை.

வாடகை ஏறுவது ஒருபுறமிருக்க, வீடே இடிக்கப்படுவதும் உண்டு. பார்ஸ் என்ற தளத்தின் கதையை இன்றைய இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். போனுக்கான சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் சர்வரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம் என்று 2011ல் தொடங்கப்பட்ட தளம் அது. 2013ல் பேஸ்புக் அதை விலைக்கு வாங்கிற்று. பெரிய இடத்துப் பிள்ளையாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று லட்சக்கணக்கான சாப்ட்வேர்கள் அதன் மேல் கட்டப்பட்டன. 2016 ஜனவரி 28ந் தேதி பேஸ்புக் அறிவித்தது: ஒரு வருஷம் அவகாசம், கடையைக் கட்டுகிறோம். 2017 ஜனவரி இறுதியில் அது மூடப்பட்டது. நஷ்டத்தினாலா? பேஸ்புக் நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியா? அதற்கு அக்கறை வேறு பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவே.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். போகும்போது பேஸ்புக் அந்தத் தளத்தின் மூலநிரலைத் திறந்துவிட்டுப் போயிற்று. அதனால், கையிலே ஆளும் நேரமும் இருந்தவர்கள் அதே தளத்தைத் தங்கள் சொந்த சர்வரில் நிறுத்திப் பிழைத்துக் கொண்டார்கள். இடிக்கிற வீட்டின் செங்கல்லை எடுத்துப்போக அனுமதி கிடைத்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தச் சிறு விவரத்துக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

கடைக்காரனே கணக்கப்பிள்ளை

எழுதிய சாப்ட்வேரை ஜனங்களின் போனிலே கொண்டு சேர்ப்பதற்கும் ஒரு தளம் வேண்டும் என்றோமல்லவா? இந்தியாவிலே விற்கும் போன்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு போன்கள். ஆகவே கடை என்றால் கூகிளின் பிளே ஸ்டோர். 2024 மார்ச் 1ந் தேதி கூகிள் கம்பெனி, கட்டணத் தகராறில், சில இந்தியக் கம்பெனிகளின் சாப்ட்வேர்களைத் தன் கடையிலிருந்து தூக்கி எறிந்தது. வேலை தேடித் தருகிற நௌக்ரி, வீடு பார்த்துத் தருகிற 99 ஏக்கர்ஸ், நம் சென்னையிலிருந்து நடக்கிற பாரத் மாட்ரிமோனி எல்லாம் அதில் அடக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே நாளில் ஒரே அமெரிக்கக் கம்பெனி கதவைச் சாத்திற்று! மத்திய மந்திரி தலையிட்டார். சில நாட்களில் அவை திரும்ப வைக்கப்பட்டன.

தகராறு என்ன? கூகிளின் கல்லாப்பெட்டி வழியாகத்தான் காசு வாங்க வேண்டும், அதிலே 15 முதல் 30 சதவிகிதம் கூகிளுக்கு என்பது பழைய நிபந்தனை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இது தவறு என்று கூறி 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. (அதே மாதம் வேறொரு வழக்கில் 1,337.76 கோடி.) சரி, வேறு கல்லாப்பெட்டியும் வைத்துக் கொள்ளுங்கள் என்றது கூகிள். ஆனால் அப்போதும் எங்களுக்கு 11 முதல் 26 சதவிகிதம் வரவேண்டும் என்றது. கல்லாவை வேறொருவன் வைத்திருந்தாலும் பங்கு இவனுக்கு! 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த அபராதத்தையும் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது.

கூகிளின் தரப்பிலும் வாதம் இல்லாமலில்லை. கடையை நடத்தச் செலவாகிறது, கட்டணம் கட்டுவோர் மிகச் சிலரே என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விலையை நிர்ணயிப்பவனும், கணக்கு எழுதுகிறவனும், கட்டாதவனைத் தெருவில் தள்ளுகிறவனும் ஒரே ஆளாக இருக்கும்போது அந்த வாதத்தைச் சரிபார்ப்பது யார்?

பெரிய கம்பெனிகளின் லட்சணம்

சிறிய கம்பெனி ஏமாறுகிறது, போகட்டும். நூறு வக்கீலும் ஆயிரம் எஞ்சினியரும் வைத்திருக்கிற பெரிய ஸ்தாபனங்கள் விவரமாகத் தேர்ந்தெடுக்குமே என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே நடப்பதைப் பார்ப்போம்.

பெரிய கம்பெனியில் தளத்தை எடுக்கிறவர் அதிலே வேலை செய்யப் போகிறவர் அல்ல. அவர் மேல் மாடியில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது, நாளைக்கு ஏதாவது கோளாறு நேர்ந்தால் "எல்லோரும் வாங்கியதைத்தான் நானும் வாங்கினேன்" என்று சொல்ல ஓர் ஆதாரம். கார்ட்னர் என்ற ஆலோசனைக் கம்பெனி ஆண்டுதோறும் நாலு கட்டம் போட்ட ஒரு படத்தை வெளியிடும். மேலே வலப்பக்கக் கட்டத்தில் இருக்கிற பெயர்கள் "தலைவர்கள்". அந்தப் பெயர்களில் ஒன்றைத் தொட்டால் வேலைக்கு ஆபத்தில்லை. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கம்பெனிகளும் கார்ட்னருக்குச் சந்தா கட்டுகிற வாடிக்கையாளர்களாக இருப்பதுண்டு என்பதை மேல் மாடி அறியாததல்ல. பிறகு நட்சத்திர ஓட்டலில் ஒரு செய்முறை விளக்கம். மவுஸைப் பிடித்து நாலு பெட்டியை இழுத்துப் போட்டால் சாப்ட்வேர் தயார் என்று காட்டுவார்கள். எஞ்சினியரே வேண்டாம் என்பார்கள். நிர்வாகத்தின் காதுக்கு இதைவிட இனிய சங்கீதம் உண்டா?

பெட்டியை இழுத்துப் போடும் அத்தகைய தளங்கள் சின்ன வேலைக்கு நல்லவைதான். விடுமுறை விண்ணப்பத்துக்கு ஒரு படிவம், சரக்கறைக்கு ஒரு பட்டியல் என்றால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். அதை நாம் மறுக்கவில்லை. கம்பெனியின் உயிர்நாடியையே அதிலே கட்டும்போதுதான் வினை. சேல்ஸ்போர்ஸ் தளத்தில் எழுத ஏபெக்ஸ் என்றொரு தனி மொழி உண்டு. அது அந்தத் தளத்தில் மட்டுமே ஓடும். பத்து வருஷம் ஏபெக்ஸிலே எழுதிக் குவித்த கம்பெனி வெளியேற நினைத்தால், எழுதியதைக் கையோடு கொண்டுபோக முடியாது. முதல் வரியிலிருந்து வேறு மொழியில் மறுபடி எழுத வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் இது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய கம்பெனி என்ற ஜம்பம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்காவின் ஏடி அண்டு டி கம்பெனியே சாட்சி. உலகத்திலேயே மிகப் பெரிய டெலிபோன் கம்பெனிகளில் ஒன்று. சுமார் 8,600 சர்வர்களில் 75,000 மெய்நிகர் கம்ப்யூட்டர்களை அது விஎம்வேர் சாப்ட்வேரின் மேல் ஓட்டிக் கொண்டிருந்தது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் கம்பெனி விழுங்கிற்று. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் என்றென்றும் சொந்தம் என்ற லைசென்ஸ் விற்பனை ரத்து. இனி எல்லாம் சந்தா, அதுவும் மூட்டையாகத்தான் என்று அறிவிப்பு. ஏடி அண்டு டி 2024ல் கோர்ட்டுக்குப் போயிற்று, பிறகு சமரசமாயிற்று. டெலிபோன் ஏகபோகத்தால் ஒரு நூற்றாண்டு கொழுத்த கம்பெனி, வேறொரு ஏகபோகத்திடம் அகப்பட்டுத் திணறியதைப் பார்க்க நமக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை.

கூலியில்லாத உழைப்பு

இன்னொரு விவகாரம் நம் வாசகர்களில் சாப்ட்வேர் தொழிலாளிகளாக இருப்பவர்களின் நெஞ்சைத் தொட்டிருக்கும். ஹாஷிகார்ப் என்ற கம்பெனி 2014ல் டெராபார்ம் என்ற கருவியை வெளியிட்டது. சர்வர்களை வரிசையாக நிறுத்தி வைக்கும் வேலையைச் செய்கிற கருவி. மூலநிரல் திறந்தது, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். அதை நம்பி ஆயிரக்கணக்கானோர், சம்பளமில்லாமல், இரவிலே விழித்திருந்து, பிழை கண்டுபிடித்தார்கள், புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தார்கள், பாடம் நடத்தினார்கள். ஒன்பது வருஷம் இப்படி ஊரே கூடி வாய்க்கால் வெட்டிற்று. 2023 ஆகஸ்ட் 10ந் தேதி கம்பெனி லைசென்ஸை மாற்றிற்று. எங்களோடு போட்டி போடும் தொழிலுக்கு இனிமேல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது புதிய ஷரத்து. மறு வருஷம் ஏப்ரலில் ஐபிஎம் கம்பெனி 640 கோடி டாலருக்கு ஹாஷிகார்ப்பை வாங்க ஒப்பந்தம் செய்தது. இரவிலே விழித்திருந்தவர்களின் பங்கு அதிலே எவ்வளவு? பூஜ்யம்.

ஆனால் இங்கேயும் அந்தப் பழைய சிறு விவரம் வேலை செய்தது. நேற்றுவரை திறந்திருந்த நிரலை மூட முடியாது. அதை எடுத்துக்கொண்டு சிலர் தனி வழி போனார்கள். ஓப்பன்டோபு என்ற பெயரில் லினக்ஸ் பவுண்டேஷனின் குடையின் கீழ் 2024 ஜனவரியில் அது முறையாக வெளிவந்தது. டெராபார்மில் எழுதியதைப் பெரிதாக மாற்றாமலே அதற்கு மாறிக் கொள்ளலாம். வாய்க்கால் வெட்டியவர்களுக்குத் தண்ணீராவது மிஞ்சிற்று.

தளம் மாறுவதால் தொழிலாளிக்கு நேர்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை; நாமாவது பேசுவோம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலே வேலை செய்கிற எஞ்சினியர் எந்தத் தளத்தைக் கற்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளர் தீர்மானிக்கிறார். இந்தத் தளத்தின் சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த வேலை என்று மானேஜர் சொல்கிறார். பரீட்சைக் கட்டணம் அமேசானின் நடுநிலைச் சான்றிதழுக்கு 150 டாலர். எல்லாக் கம்பெனியும் அதைத் திருப்பித் தருவதில்லை. படிப்பது வேலை நேரத்துக்குப் பிறகு. மூன்று வருஷத்தில் சான்றிதழ் காலாவதி. மறுபடி எழுத வேண்டும். தொழிலாளி தன் சொந்தக் காசிலும் தூக்கத்திலும் வீட்டுக்காரனின் வீட்டை மெழுகக் கற்றுக் கொள்கிறார். வாடிக்கையாளர் ஒருநாள் தளத்தை மாற்றினால், இந்தத் திறமைக்கு இங்கே இடமில்லை என்ற கடிதம் முதலில் போவது மேல் மாடிக்கு அல்ல. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு.

கருத்தைச் சொல்லும் உரிமையாவது உண்டா? தளம் எடுக்கும் கூட்டத்துக்குச் சரக்கு விற்கிறவன் அழைக்கப்படுகிறான். கணக்கு இலாகா அழைக்கப்படுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுப்பப்படுகிறவரை மட்டும் அழைப்பதில்லை.

அப்படியானால் எல்லோரும் சொந்தமாக சர்வர் வாங்க வேண்டியதுதானா?

இல்லை. இந்த இடத்தில் சில நண்பர்களுடன் நமக்குத் தகராறு உண்டு. கிளவுட் என்றாலே விஷம், எல்லாவற்றையும் பிடுங்கி எறி என்கிறார்கள் அவர்கள். நான்கு பேர் கொண்ட கம்பெனி சர்வரை வாங்கி, குளிர்சாதனம் போட்டு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வைத்து, இரவுக் காவலும் செய்ய முடியுமா? 2006க்கு முன்னால் காசுள்ளவன் மட்டுமே இறங்க முடிந்த தொழிலில், இன்று காசில்லாதவனும் இறங்க முடிகிறது என்றால் அதிலே கிளவுட்டுக்குப் பங்குண்டு. டிராப்பாக்ஸ் கம்பெனி அமேசான் வீட்டில் பிறந்து வளர்ந்தது. பெரிதான பிறகுதான் சொந்த வீடு கட்டிக் கொண்டு போயிற்று. அதனால் இரண்டு வருஷத்தில் 7 கோடியே 46 லட்சம் டாலர் செலவு குறைந்ததாக 2018ல் பங்கு வெளியிட்டபோது கணக்குக் காட்டிற்று. ஆனால் குடியிருந்த காலம் தவறென்று அதுகூடச் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பது குற்றமல்ல. காலி செய்ய முடியாத வாடகைக்கு இருப்பதுதான் அபாயம்.

ஆகவே கேட்க வேண்டியது விலையையோ வேகத்தையோ மட்டுமல்ல. நாளைக்கே இதை விட்டுப் போக வேண்டுமானால் எத்தனை நாள் ஆகும், எத்தனை ரூபாய் ஆகும், எதை எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. இதை விற்பனையாளரிடம் கேட்டால் பதில் வராது. நாமே செய்து பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். தரவை முழுவதும் வெளியே எடுங்கள். வேறோர் இடத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். நின்றதா? நல்லது. நிற்கவில்லையா? எங்கே முறிந்தது என்று எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் கார்ட்னர் படத்தைவிட மதிப்புள்ளது. வருஷத்துக்கொரு முறை இந்த ஒத்திகை நடக்குமானால், புதுப்பிக்கும் நாளில் பேரம் பேசும் குரலே மாறிவிடும்.

அடிப்படைக் கருவிகளில் யாருக்கும் சொந்தமில்லாதவற்றை எடுப்பது இன்னும் உத்தமம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை எடுத்துக் கொள்ளுங்கள். 1986ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையிலே ஆராய்ச்சியாகத் தொடங்கியது. எந்த ஒரு கம்பெனிக்கும் அது சொத்தல்ல. அமேசானிலும் ஓடும், கூகிளிலும் ஓடும், உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கிற பெட்டியிலும் ஓடும். பெங்களூரின் ஜீரோதா கம்பெனி லட்சோபலட்சம் பேரின் பங்கு வர்த்தகத்தை இத்தகைய திறந்த கருவிகளின் மேல்தான் நடத்துகிறது. 2024ல் இத்தகைய கருவிகளை ஆக்குவோருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாகவும் அறிவித்தது. பங்குத் தரகுக் கம்பெனியைப் பாராட்டும் சந்தர்ப்பம் நமக்கு அடிக்கடி வருவதில்லை, வந்தபோது மறைப்பானேன்?

சர்க்கார் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தின் பள்ளிக்கூடங்கள் உதாரணம். லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அவர்களே தயாரித்த சாப்ட்வேர் தொகுப்பு 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது என்றும், லைசென்ஸ் கட்டணத்தில் மிச்சமாவது 3,000 கோடி ரூபாய் என்றும் 2019ல் அங்கே கல்வித் துறையின் கைட் ஸ்தாபனம் கணக்கிட்டது. கணக்கிலே கொஞ்சம் தள்ளுபடி செய்து கொண்டாலும் தொகை சிறியதல்ல. அதைவிடப் பெரிது, வாத்தியார்களே அந்தக் கருவியைப் பிரித்து மாட்டக் கற்றுக் கொண்டது. நம் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினிகளிலே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் வந்தன. எது திறக்கப்பட்டது, எது தூங்கிற்று என்பதை வாசகர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். கருவியைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொடுக்க ஆளைக் கொடுக்காவிட்டால் திறந்த நிரலும் மூடிய பெட்டிதான்.

நயாரா சம்பவத்துக்குப் பிறகு சுதேசிக் கோஷம் பலமாகக் கேட்கிறது. மத்திய சர்க்கார் ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் கடிதப் போக்குவரத்து நம் சென்னைக் கம்பெனியான ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அந்நியன் ஒரு பட்டியல் போட்டால் நம் சர்க்கார் ஆபீஸின் விளக்கு அணையக் கூடாது என்பது நியாயமான கவலை. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலே உட்கார்ந்து உலகத்துக்குச் சாப்ட்வேர் எழுதும் பிள்ளைகளைப் பார்த்து நமக்கும் பெருமைதான். ஆனால் வீட்டுக்காரன் நம் ஊர்க்காரன் என்பதனாலேயே வாடகைச் சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோமா? அந்நியத் தளத்தைக் கேட்கும் கேள்வியை உள்ளூர்த் தளத்தையும் கேட்கத்தான் வேண்டும். தரவு முழுவதும் வெளியே வருமா? பொது முறைப்படி வருமா? காலி செய்ய எத்தனை நாள்?

இதையெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே பேரம் பேசித் தீர்த்துக் கொள்ள முடியாது என்பதை ஐரோப்பா கண்டுகொண்டிருக்கிறது. அங்கே தரவுச் சட்டம் என்று ஒன்று 2025 செப்டம்பர் 12 முதல் அமலாகிறது. ஒரு கிளவுட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவனைத் தடுக்கக் கூடாது. 2027 ஜனவரி 12க்குப் பிறகு, மாறுவதற்கென்று கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது அச்சட்டம். சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். 2024 ஜனவரியில் கூகிளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாப்டும், முற்றாகக் காலி செய்து போகிறவர்களிடம் சாமான் எடுத்துப்போகும் கட்டணம் இனி வாங்க மாட்டோம் என்று தாங்களாகவே அறிவித்தன. அத்தனை வருஷமாகத் தவிர்க்க முடியாத செலவு என்று சொல்லப்பட்ட கட்டணம் மூன்றே மாதத்தில் ஆவியாகிவிட்டது!

நம் நாட்டில்? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2018 நகலிலும் 2019 மசோதாவிலும், தன் தரவைத் தூக்கிக் கொண்டு வேறிடம் போகும் உரிமை ஜனங்களுக்கு எழுதப்பட்டிருந்தது. 2023ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உரிமையைக் காணோம். யார் சொல்லி எடுத்தார்கள்? எடுத்த ஷரத்தைத் திரும்ப வைப்பதற்கும், தொழில் ஸ்தாபனங்களுக்கும் அதே உரிமையை வழங்க ஐரோப்பாவைப் போல் ஒரு சட்டம் கொண்டு வருவதற்கும் என்ன தடை இருக்கிறது என்பதை டில்லி சர்க்கார் பார்லிமெண்டிலே எழுந்து நின்று சொல்லட்டும்.